கடத்தப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் மூதாட்டியைப் பற்றி இணையத்தில் ஊகிப்பது விசாரணைக்கு உதவுமா?

கார்முகில் (கேள்வி):

வயது முதிர்ந்த ஓர் அம்மையார் தம் வீட்டிலிருந்து கடத்தப்பட்டிருக்கலாம் என்று காவல்துறை சந்தேகிக்கும் வழக்கு ஒன்றைப் பற்றி இணையத்தில் நடக்கும் பேச்சைக் கவனித்து வருகிறேன். அவருடைய பெயரையும் ஊரையும் நான் இங்கே எழுதவில்லை. இது போன்ற எந்த வழக்கிலும் எழக்கூடிய கேள்வி என்பதால் அவை தேவைப்படவும் இல்லை.

செய்தி வெளியான அன்று எல்லோரும் அவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்றுதான் எழுதினார்கள். பிறகு புதிய தகவல் எதுவும் வராத நிலையில், அவரோடு கடைசியாகத் தொலைபேசியில் பேசியவர் யார், பேட்டி கொடுத்த மகன் ஏன் அழவில்லை, பேரன் ஏன் கேமரா முன்னால் வரவே இல்லை, சொத்து யாருக்குப் போய்ச் சேரும் என்று பேச்சு குடும்பத்தின் பக்கம் திரும்பிவிட்டது. இப்போது ஒருவரின் பெயரும் படமும் குற்றவாளி என்ற முத்திரையோடு சுற்றி வருகின்றன.

அந்த அம்மையாரின் நிலையை நினைத்தால் மனம் பதைக்கிறது. ஏதாவது செய்ய வேண்டும் என்றும் தோன்றுகிறது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து யோசித்தால் காவல்துறை தவறவிட்ட ஒன்று கண்ணில் படாதா என்று சிலர் கேட்பதை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. இத்தகைய ஊகங்களால் உண்மையில் ஏதேனும் பயன் உண்டா? தொலைவில் இருக்கும் ஒருவர் செய்யக்கூடியது என்ன?

தடயம்:

குற்றப் புலனாய்வுப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் குடும்பத்தினரை விசாரிப்பதைப் பற்றி. ஒருவர் காணாமற்போனால் அவரோடு வாழ்ந்தவர்களையும் அவரைக் கடைசியாகப் பார்த்தவர்களையும் முதலில் விசாரிப்பது எங்கும் உள்ள நடைமுறை. அவர்களுடைய கைரேகையும் காலணித் தடமும் மரபணு மாதிரியும் எடுக்கப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணம், வீட்டில் இயல்பாகவே இருக்கக்கூடிய தடயங்களைக் கழித்துவிட்டு, அங்கே இருக்கக்கூடாத அந்நியத் தடயத்தைத் தனியே பிரித்தெடுப்பதுதான். ஆகவே மகனின் காரைக் காவல்துறை சோதனையிட்டது என்ற செய்தியிலிருந்து மகன்மீது சந்தேகம் என்ற முடிவுக்குத் தாவுவது, விசாரணையின் வரிசையையே அறியாமல் பேசுவதாகும்.

மகன் ஏன் அழவில்லை என்ற கேள்வியைப் பொறுத்தவரை, முகத்தையும் குரலையும் வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன் மனிதர்களுக்கு மிகக் குறைவு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, மக்கள் உண்மையையும் பொய்யையும் சரியாகப் பிரித்தறிவது சராசரியாக 54 சதவீதம்தான் என்று காட்டியது. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 சதவீதம் கிடைக்கும். உறக்கமின்றி மருண்டுபோயிருக்கும் ஒருவரின் முகத்தைச் சில நொடிக் காணொளியில் பார்த்து அவரைக் குற்றவாளி என்று சொல்வதற்கு வேறு ஆதாரம் ஏதுமில்லை என்றால், அங்கே ஆதாரமே இல்லை என்றுதான் பொருள்.

அடுத்தது, காவல்துறையின் மௌனம். குற்றம் நடந்த இடத்தில் கண்ட சில விவரங்களை விசாரணையாளர்கள் வேண்டுமென்றே வெளியிடாமல் வைத்திருப்பார்கள். பெரிய வழக்குகளில் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு வருபவர்களும், பணம் கேட்டுப் போலிக் கடிதம் அனுப்புபவர்களும் தவறாமல் வருவதுண்டு; செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரம் ஒன்று கையில் இருந்தால்தான் அவர்களைச் சலித்து ஒதுக்க முடியும். எந்தக் கதவு திறந்திருந்தது, எந்தப் பொருள் இடம் மாறியிருந்தது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுப் பொதுவெளியில் எழுதுபவர், அந்தச் சல்லடையைக் கிழித்துவிடுகிறார்.

போலி மிரட்டல் புதிதன்று. 1932இல் அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் குழந்தை கடத்தப்பட்டபோது, காஸ்டன் மீன்ஸ் என்ற ஏமாற்றுக்காரர், குழந்தையை மீட்டுத் தருவதாக நம்பவைத்து, செல்வந்தப் பெண்மணி ஒருவரிடமிருந்து ஒரு லட்சம் டாலரைப் பறித்தார். கடத்தலுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதே வழக்கில், செய்தி பரவியதும் வீட்டைச் சுற்றித் திரண்ட கூட்டத்தின் காலடியில் நிலத்தில் இருந்த தடங்களும் மிதிபட்டன.

இன்று ஏமாற்றுபவர்களின் வேலை இன்னும் எளிது. கடத்தியதாகச் சொல்பவரிடம், அந்த அம்மையார் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த பதில் ஒன்றைக் கேட்பது அதற்கான வழிகளுள் ஒன்று: சிறுவயதுச் செல்லப்பெயர், முதல் வளர்ப்பு நாயின் பெயர், மறைந்த கணவர் அவரை அழைத்த விதம். இணையத்தில் ஊகிப்பவர்கள் பழைய சமூக ஊடகப் பதிவுகளைத் தோண்டி இவற்றையெல்லாம் வரிசையாகப் பட்டியலிடுகிறார்கள். குரலையே போலியாகச் செய்துவிடக்கூடிய இக்காலத்தில் குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் நம்பகமான சோதனை அந்த அந்தரங்கக் கேள்விதான். அதன் விடையைத் தேடி எடுத்துப் பொதுவில் வைப்பவர்கள்மீது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

நெய்தல்:

தடயம் அவர்கள் சொன்னவற்றை மதிக்கிறேன். இருந்தாலும் மறுபக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

வயதான பெண் ஒருவர் காணாமற்போனால், மறதியில் எங்கேனும் நடந்துபோயிருப்பார், தானே வந்துவிடுவார் என்ற எண்ணத்தில் முதல் சில மணி நேரம் வீணாகிவிடுகிறது. இதய நோய்க்கோ சர்க்கரை நோய்க்கோ நாள்தோறும் மருந்து உட்கொள்பவருக்கு அந்த நேரம் மிகப் பெரியது. ஊரே பேசினால்தான் அதிகாரிகள் விரைவாக அசைகிறார்கள் என்று பல குடும்பங்கள் நம்புவதில் நியாயம் உண்டு.

பேச்சால் பலன் கிடைத்ததும் உண்டு. 2021இல் அமெரிக்காவில் வேன் ஒன்றில் பயணம் சென்ற இளம்பெண் காணாமற்போனபோது, அதே பகுதிக்குச் சென்றிருந்த ஒரு குடும்பத்தினர் தாங்கள் எடுத்த யூடியூப் காணொளியைத் திரும்பப் பார்த்து, சாலையோரத்தில் அந்த வேன் நின்றதைக் கண்டறிந்தார்கள். தேடுதலை அந்த இடத்துக்குக் குறுக்க அது உதவியது. அப்பெண்ணின் உடலும் அதற்கு அருகில்தான் கிடைத்தது. அந்தச் செய்தி பரவியிராவிட்டால் அவர்கள் தங்கள் காணொளியைத் திரும்பப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆகவே எல்லாரும் வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மல்லிகைப்பந்தல்:

நெய்தல் குறிப்பிட்ட அந்தக் குடும்பத்தினர் செய்தது ஊகம் அன்று. தாங்கள் எடுத்த படத்தில் தாங்கள் கண்டதை உரியவர்களிடம் சேர்த்தார்கள். அவர்கள் யார்மீதும் பழி சுமத்தவில்லை.

எங்கள் உறவில் ஒரு பெரியம்மா காணாமற்போன நாட்களை நான் உடனிருந்து பார்த்தவள் என்பதால் இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப்படுகிறது. பொதுவில் என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று விசாரணை அதிகாரிகள் அவருடைய பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் பேசினால், இணையத்தில் எழுதுபவர்கள் அதை நடிப்பு என்றார்கள். பேசாவிட்டால் மறைக்கிறார்கள் என்றார்கள். நள்ளிரவில் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமலும் இருக்க முடியாது, ஏனெனில் அது அம்மாவைப் பற்றிய செய்தியாகவும் இருக்கலாம். எடுத்தால் மறுமுனையில் ஒருவர் சொத்து விவரம் கேட்டுத் திட்டுவார். வீட்டில் உதவிக்கு வந்துகொண்டிருந்த பெண்ணின் படத்தை யாரோ பகிர்ந்ததால் அவர் வேறு வீடுகளிலும் வேலை இழந்தார். அவருக்கும் நடந்ததற்கும் தொடர்பில்லை என்று தெளிவான பிறகு, பகிர்ந்தவர்களில் ஒருவர்கூட அவரைத் தேடிப் போய் வருத்தம் தெரிவிக்கவில்லை.

2013இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்ததும் இதுதான். ஏற்கெனவே காணாமற்போயிருந்த ஒரு மாணவரைக் குண்டு வைத்தவர் என்று ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் பலர் முடிவு கட்டினார்கள். அவரைத் தேடுவதற்காகக் குடும்பத்தினர் நடத்திவந்த ஃபேஸ்புக் பக்கத்தில் வசைகள் குவிந்ததால், அதைத் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று. பின்னர் அவருடைய உடல் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. குண்டுவெடிப்போடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ரெடிட் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் கையிலிருந்த தேடும் கருவியையே பறித்தது அந்த ஊகம்.

வெறும் பேச்சால் யாருக்கு என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு 2018ஐ நினைவூட்டுகிறேன். குழந்தை கடத்துபவர்கள் உலவுகிறார்கள் என்று வாட்ஸப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்துக் கொன்றது. அதைப் போன்ற கொலைகள் இந்தியாவின் பல இடங்களில் நடந்த பிறகே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸப் இந்தியாவில் வரம்பு விதித்தது.

கார்முகில்:

மூவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம். கண்காணிப்பு கேமராவில் பதிவான, முகம் மறைத்த ஓர் உருவத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இட்டு, தெளிவாக்கப்பட்ட முகம் என்று ஒரு படத்தைப் பரப்புகிறார்கள். அந்தப் படத்தோடு ஒத்துப்போகிறவர் என்றுதான் நான் குறிப்பிட்ட அந்த நபரையும் சொல்கிறார்கள். அந்தப் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஒளிவட்டம்:

சிறிதும் நம்ப வேண்டாம். காணொளிப் பதிவுகளைக் கையாளும் தொழிலில் இருப்பவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

கேமராவில் பதிவாகாத விவரத்தை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. அது கற்றுக்கொண்ட இலட்சக்கணக்கான முகங்களிலிருந்து பொருத்தமாகத் தோன்றும் ஒரு முகத்தைப் புதிதாக வரைகிறது. 2020இல் இதற்கு வெளிப்படையான சான்று கிடைத்தது: மங்கலான படத்திலிருந்து முகத்தை உருவாக்கும் பல்ஸ் என்ற கருவியிடம், பராக் ஒபாமாவின் படத்தைச் சிறு கட்டங்களாகச் சிதைத்துக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் திருப்பித் தந்தது. உலகமே அறிந்த முகத்துக்கே அந்த நிலை. முகமூடிக்குப் பின்னால் இருப்பதை வரையச் சொன்னால் வருவது முழுக்க முழுக்கக் கற்பனை. அந்தக் கற்பனை முகத்தோடு ஒத்துப்போகும் அப்பாவி ஒருவர் எங்கேனும் இருக்கவே செய்வார்.

அந்தப் பகுதியில் வசிப்பவர்கள் யாரேனும் இதை வாசித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசல் மணிக் கேமராக்களும் கடைக் கேமராக்களும் குறிப்பிட்ட காலம் கழிந்ததும் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். எனவே பதிவில் எதுவும் இல்லை என்று நீங்களே முடிவு செய்யாமல், உடனே நகலெடுத்துப் பாதுகாத்து, காவல்துறைக்குத் தெரிவியுங்கள். எவரும் நடந்துபோகாத வெற்றுத் தெருவும்கூட, ஒரு வாகனம் அந்த வழியாகச் செல்லவில்லை என்று நிறுவ உதவும். வாட்ஸப்பில் அனுப்பினால் காணொளி சுருக்கப்பட்டு, அதனோடு இணைந்த விவரங்கள் நீங்கிவிடும். ஆகவே மூலக் கோப்பையே கொடுங்கள். கேமராவின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்பதைக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் குறித்து வையுங்கள். சில நிமிடப் பிழையால் ஒரு வாகனத்தின் பாதையே மாறிப்போகும். கடிகாரத்தை மட்டும் திருத்திவிடாதீர்கள்.

நெய்தல்:

இந்த விளக்கம் பயனுள்ளது. என் கருத்தில் பெரிய மாற்றமில்லை: அந்த அம்மையாரின் படமும் அவரைக் கடைசியாகக் கண்ட இடமும் நேரமும் தொடர்ந்து பகிரப்பட வேண்டும், வழக்கு மக்கள் நினைவிலிருந்து மங்கக்கூடாது. ஆனால் குற்றவாளி இவர் என்று பெயர் சொல்லும் பதிவுகளை இனி நான் ஆதரிக்கப் போவதில்லை. நான் கேள்விதானே கேட்டேன் என்று எழுதித் தப்பிக்க முடியுமா என்பதை மட்டும் யாரேனும் தெளிவுபடுத்தினால் நல்லது.

தடயம்:

கேள்விக்குறி போட்டுவிட்டதாலேயே பாதுகாப்பு கிடைத்துவிடாது. வாசிப்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதே சட்டத்தின் முன் நிற்கும். 2022இல் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் கொல்லப்பட்டபோது, சீட்டுகளை வைத்துக் குறி சொல்லும் ஒருவர் அங்குள்ள பேராசிரியர் ஒருவரைக் குற்றவாளி என்று டிக்டாக்கில் தொடர்ந்து குற்றஞ்சாட்டினார். பேராசிரியர் வழக்குத் தொடுத்தார். அந்தக் கூற்றுகள் அவதூறே என்று 2024இல் நீதிமன்றம் தீர்மானித்தது.

கார்முகில், உங்களுக்கு இதுதான் என் யோசனை. காவல்துறையோ குடும்பமோ வெளியிட்ட அறிவிப்பை அப்படியே பகிருங்கள். உங்கள் சொற்களில் மாற்றி எழுத வேண்டாம், ஏனெனில் உடையின் நிறம் போன்ற சிறு விவரங்கள்தான் கைமாறும்போது முதலில் பிறழ்கின்றன. பழைய அறிவிப்பு திருத்தப்பட்டால் உங்கள் பதிவையும் திருத்துங்கள். அந்த நபரின் பெயர் உள்ள பதிவைக் கண்டால், மறுப்பதற்காகக்கூட மேற்கோள் காட்டாமல், தளத்துக்குப் புகார் அளியுங்கள். உங்களிடம் உண்மையான தகவல் ஏதேனும் இருந்து, பெயர் வெளிப்படுமோ என்று அஞ்சினால், பெயர் சொல்லாமல் தகவல் தரும் வழி அறிவிப்பில் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அங்கே எழுதும்போது, நீங்கள் கண்டதையும் அதிலிருந்து நீங்கள் எண்ணுவதையும் வெவ்வேறு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். படிக்கும் அதிகாரிக்கு முதல் பத்தி போதுமானது.