நிறுவனர் இப்போது தலைவர், டைரக்டர் தவிக்கிறார்: நிர்வாகக் குழு என்ன செய்யலாம்?

பொருளாளர்\_தெற்கு

வணக்கம். எங்களுடையது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சிறிய அமைப்பு. தென் மாவட்டக் கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறோம், சம்பளத்துக்கு இருபது பேர் வரை வேலை செய்கிறார்கள். தொடங்கியவர் இத்தனை காலமும் செயலராக இருந்து அன்றாட வேலை எல்லாவற்றையும் தானே பார்த்தார். உடம்புக்கு முடியாமல் போன பிறகு தலைவர் பொறுப்புக்கு மாறிக்கொண்டார். வெளியிலிருந்து ஒரு பெண்ணை டைரக்டராக எடுத்தோம். விஷயம் தெரிந்தவர், களத்தில் வேலை செய்து வந்தவர்.

பிரச்சினை என்னவென்றால், ஐயா இன்னமும் மைய ஒருங்கிணைப்பாளர்களுக்கு நேரே போன் போட்டு வேலை சொல்கிறார். டைரக்டர் ஒன்று சொல்லியிருப்பார், ஐயா வேறொன்று சொல்வார், ஒருங்கிணைப்பாளர்கள் யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் நிற்கிறார்கள். டைரக்டர் மேல் வருத்தம் இருப்பவர்கள் குழு உறுப்பினர்களுக்குத் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். இன்னொரு பக்கம், டைரக்டரும் கணக்கைக் கூட்டத்து மேசையில்தான் நீட்டுகிறார். ஒரு ஃபண்டர் அடுத்த ஆண்டு தர முடியாது என்று சொன்னதே எங்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. கேட்டால், "குழு என்னை நம்பவில்லை" என்கிறார். மார்ச்சோடு போய்விடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

ஐயா இல்லாமல் இந்த அமைப்பே இல்லை, அவர் மனதைப் புண்படுத்த யாருக்கும் துணிவில்லை. பொருளாளராக நான் எங்கிருந்து தொடங்குவது?

மதுரைக்காரி

சார், வேறொரு அமைப்பில் பல வருடம் டைரக்டராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் டைரக்டர் சம்பளத்துக்காகப் போகவில்லை, யாருக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல்தான் போகிறார். ஏழு பேர் குழுவில் இருந்தால் அவருக்கு ஏழு முதலாளிகள்.

குழுவுக்கு அதிகாரம் இருப்பது கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானம் போடும்போதுதான். கூட்டம் முடிந்து வாசலைத் தாண்டினால், தலைவர் உட்பட எந்த உறுப்பினரும் தனி ஆளாக ஊழியருக்கு உத்தரவு போட முடியாது, அதற்குக் குழு எழுத்தில் பொறுப்பு கொடுத்திருந்தால் தவிர. குழுவுக்கு ஊழியர் ஒருவர்தான், அவர் டைரக்டர். மற்றவர்கள் எல்லாம் டைரக்டரின் ஊழியர்கள். இதை மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானமாக ஏற்றுங்கள். கூடவே, எவ்வளவு தொகை வரை டைரக்டரே செலவு செய்யலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம், எதற்கெல்லாம் குழுவிடம் வரவேண்டும் என்பதையும் எழுதுங்கள். எழுதாத வரைக்கும் ஐயா செய்வதைத் தப்பென்று யாராலும் சொல்ல முடியாது, அவர் பழகிய வழியில் போகிறார், அவ்வளவுதான்.

வாரம் ஒரு நாள் ஐயாவும் டைரக்டரும் மட்டும் அரைமணி நேரம் பேச ஒரு நேரம் ஒதுக்குங்கள். ஐயாவுக்கு மையங்களைப் பற்றிய தவிப்பு இருக்கத்தான் செய்யும். அதைக் கொட்ட ஓர் இடம் கிடைத்தால் போன் தானாகக் குறையும். எங்கள் அமைப்பில் குறைந்தது.

தணிக்கை\_மேசை

மேடம் சொன்ன தீர்மானம் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. பொருளாளர் சார், சில விஷயங்களைப் பாருங்கள். செக்கில் கையெழுத்து யார்? வருமான வரி போர்ட்டல் ஓடிபி யார் போனுக்கு வருகிறது? வெளிநாட்டு நிதி வாங்குகிறீர்கள் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில் தலைமைப் பொறுப்பாளராக யார் பெயர் இருக்கிறது? பெரும்பாலான இடங்களில் மூன்றுக்குமே பதில் நிறுவனர்தான். பொறுப்பு டைரக்டர் தலையில், சாவி ஐயாவிடம் என்றால் ஒரு மின்கட்டணம் கட்டக்கூட அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். சின்னத் தொகைகளுக்கு டைரக்டரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட ஏற்பாடு செய்யுங்கள், பெரிய தொகைக்குத் தலைவர் கையெழுத்து இருக்கட்டும்.

2020 எஃப்சிஆர்ஏ திருத்தத்தில், வெளிநாட்டு நிதியிலிருந்து செய்யும் நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. நிர்வாகம் பார்ப்பவர்களின் சம்பளம் அந்த 20-க்குள்தான் வரும், பாடம் நடத்துபவர்களுக்கும் களப்பயிற்சி தருபவர்களுக்கும் தரும் சம்பளம் அதில் சேராது. ஆகவே டைரக்டர் சம்பளம் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள், பிறகு அவர் மேல் பழி விழக்கூடாது.

1975 சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். இதை வெறும் படிவ வேலையாக முடித்துவிடாமல், அடுத்த பொதுக்குழுவில் யார் எந்தப் பொறுப்பு என்பதை உண்மையாகவே பேசுங்கள்.

கொங்கு\_உறுப்பினர்

எல்லாரும் நிறுவனரையே குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபண்டர் விலகியது நிர்வாகக் குழுவுக்குத் தெரியவில்லை என்றால் அது சின்ன விஷயமா? நாளைக்குச் சம்பளம் போட முடியாமல் போனால் ஊருக்குள் பதில் சொல்வது குழுதான். கெட்ட செய்தி வந்த அன்றைக்கே தலைவருக்கும் பொருளாளருக்கும் போன் வரவேண்டும், கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. கணக்கும் அஜெண்டாவும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே கையில் இருக்க வேண்டும். மேசையில் வைத்த தாளை அங்கேயே படித்துக் கையெழுத்துப் போடுவது மேற்பார்வை ஆகாது.

ஊழியர் புகாரை முழுக்க டைரக்டரிடமே திருப்பி அனுப்புவதும் ஆபத்து. புகாரே டைரக்டர் மேல் என்றால்? அதற்குக் குழுவில் ஒருவரைக் குறித்து வையுங்கள், எல்லா உறுப்பினருக்கும் வாட்ஸ்அப் போகவேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகாருக்கு உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், 2013 சட்டம் அது. உங்களிடம் இருக்கிறதா?

பொருளாளர்\_தெற்கு

உள்ளகக் குழு தாளில் இருக்கிறது, வெளி உறுப்பினர் இடம் காலியாகக் கிடக்கிறது. அதை உடனே நிரப்புகிறோம். செக், ஓடிபி, எஃப்சிஆர்ஏ மூன்றும் ஐயாவிடம்தான். தீர்மானத்தை எழுதிவிடலாம், ஆனால் ஐயாவிடம் முதலில் யார் பேசுவது? கூட்டத்தில் திடீரென்று கொண்டு வந்தால் தன்னை ஒதுக்குகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

மதுரைக்காரி

கூட்டத்தில் வேண்டவே வேண்டாம் சார். நீங்களும், அவர் மதிக்கிற இன்னொரு மூத்த உறுப்பினரும் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். டைரக்டரைக் கூட்டிப் போகாதீர்கள், அது புகார் சொல்ல வந்தது போல ஆகிவிடும். "நீங்கள் செய்வது தப்பு" என்று ஆரம்பிக்காமல், டைரக்டர் மார்ச்சில் போனால் அடுத்து வருபவரும் இப்படித்தான் போவார், அப்புறம் மையங்கள் யார் கையில் என்று கேளுங்கள். அவருக்கு அதைவிடப் பெரிய கவலை இருக்காது. அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையையும் கையோடு எடுத்துப் போங்கள்: பழைய நன்கொடையாளர்களைப் பார்ப்பது, கிராமப் பெரியவர்களிடம் பேசுவது, அந்த விலகிய ஃபண்டரிடம் ஒருமுறை பேசிப் பார்ப்பது. அவர் சம்மதித்த பிறகு, தீர்மானத்தை அவரே முன்மொழியட்டும்.

கொங்கு சார் சொன்னதையும் அதே வாரத்தில் டைரக்டரிடம் நேரே சொல்லிவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது குழு உட்கார்ந்து அவர் வேலையை மதிப்பிட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும், எதிர்பார்ப்பு என்னவென்று வருட ஆரம்பத்திலேயே அவர் கையில் இருக்க வேண்டும். சேர்ந்தபோது அப்படி ஏதாவது கொடுத்தீர்களா? இல்லையென்றால் வீட்டுக்குப் போய் வந்த மறுநாளே அதை எழுத உட்காருங்கள். மார்ச்சுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.