லீவ் மெயில்: அன்டில் ஃப்ரைடேயா, த்ரூ ஃப்ரைடேயா? அவசரம்

நெட்டைக்கொக்கு:
கிளையண்டுக்கு லீவ் மெயில். "ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே"ன்னு எழுதினேன். டீம் லீட் "த்ரூ ஃப்ரைடே"ன்னு மாத்தச் சொல்றார். எது சரி? அரை மணி நேரத்துல அனுப்பணும்.

பனங்கற்கண்டு:
கிளையண்ட் அமெரிக்காவா, பிரிட்டனா? வெள்ளிக்கிழமை வேலையா, லீவா?

மூணாம்பெஞ்ச்:
எல்லாம் நம்ம "வரை" பண்ற வேலை ப்ரோ. "வெள்ளி வரை லீவ்"னா நமக்கு வெள்ளியும் லீவ். அதையே அன்டில்னு போட்டா, வெள்ளி காலையில வந்துடுவார்னு பாதிப் பேர் படிப்பாங்க.

இலக்கணப்புலி:
மாதம் ஒருவர் இதையே கேட்கிறார். பழைய இழைகளைத் தேடிப் பார்க்க மாட்டீர்களா? ஒரு நிலை தொடர்ந்தால் அன்டில், கெடு என்றால் "பை ஃப்ரைடே". "சப்மிட் அன்டில் ஃப்ரைடே" என்று எழுதும் ஆட்களும் இங்கே உண்டு.

பனங்கற்கண்டு:
புலி அண்ணே, அவர் கெடுவைப் பத்திக் கேட்கல.
அமெரிக்கான்னா "மண்டே த்ரூ ஃப்ரைடே". வெள்ளியும் சேர்த்திதான், குழப்பமே வராது. பிரிட்டிஷ்காரருக்கு அது புரியும், ஆனா அவர் "மண்டே டு ஃப்ரைடே இன்க்ளூசிவ்"னுதான் எழுதுவார். அமெரிக்காவுல வெறும் "ஆன் லீவ்"னா பிரசவம், சிகிச்சை மாதிரி நீண்ட விடுப்போன்னு தோணும். சில நாளைக்கு "அவுட் ஆஃப் தி ஆபீஸ்" போதும். எந்த ஊரானாலும் திரும்பி வர்ற தேதியை எழுதிடுங்க. மாசத்தை எழுத்துல போடுங்க; 9/6 லண்டன்ல ஜூன், நியூயார்க்ல செப்டம்பர்.

சுண்டெலி:
"பேக் இன் ஆபீஸ்"னு முடிச்சுடாதீங்க. "இன் ஆபீஸ்"னா பதவியில இருக்கிறது, மந்திரி மாதிரி. நடுவுல "தி" வேணும்.

ஏழரைமணிபஸ்:
அப்படியே ஒரு சந்தேகம். "அட் தி வீக்கெண்ட்" சரியா?

இலக்கணப்புலி:
அதுதான் முறையான ஆங்கிலம். "ஆன் தி வீக்கெண்ட்" அமெரிக்கக் கொச்சை.

சுண்டெலி:
கொச்சையெல்லாம் இல்லைங்க, அமெரிக்காவுல நல்லா எழுதுறவங்களும் அப்படித்தான் எழுதுறாங்க. பிரிட்டன்ல "டிஃபரண்ட் டு"ம்பாங்க, அது அமெரிக்கர் காதுக்குத் தப்பாக் கேட்கும். "டிஃபரண்ட் ஃப்ரம்"னா ரெண்டு பக்கமும் ஓடும். "ஓவர் தி வீக்கெண்ட்"டும் அப்படித்தான்.

இலக்கணப்புலி:
ஓடுவது வேறு, சரியாக இருப்பது வேறு.

மூணாம்பெஞ்ச்:
கேட்டவர் எங்கே? அரை மணி எப்பவோ தாண்டியாச்சு.

நெட்டைக்கொக்கு:
லண்டன். வெள்ளியும் லீவ். "பேக் இன் தி ஆபீஸ் ஆன் மண்டே 16 ஜூன்"னு மட்டும் போட்டு அனுப்பிட்டேன். டீம் லீட் இன்னும் பார்க்கல.