டிஎன்5 (ஜீனோமில் தாவி உட்காரும் டிஎன்ஏ துண்டு) செலுத்திய சூடோமோனாஸ் பாக்டீரியா: பாதிக்கு மேல் காலனிகளில் வளையம் இல்லை. நம்பலாமா?

கடலைக்கொல்லை (காரைக்குடி):
வணக்கம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறேன். குன்றக்குடி பக்கம் ஒரு கடலைக் கொல்லையின் செம்மண்ணிலிருந்து எடுத்த ஒளிரும் சூடோமோனாஸ், கரையாத பாஸ்பேட் கலந்த பிக்கோவ்ஸ்காயா அகாரில், அதைக் கரைத்து அருமையான தெளிவளையம் விடுகிறது. பாஸ்பேட்டைக் கரைப்பது எந்த ஜீன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

டிஎன்5-ஐக் கொடுக்கும் கொடையாளி, இ. கோலை எஸ்17-1 லாம்டா பிர் என்ற ஆய்வக வகை. அதில் பியூடி என்ற பிளாஸ்மிட் (தனி டிஎன்ஏ வளையம்), அதன்மேல் கனமைசின் எதிர்ப்பு ஜீன் சுமந்த மினி-டிஎன்5. இரண்டையும் ஃபில்டரில் ஓரிரவு மேட்டிங் செய்து (ஒன்றாக வைத்து டிஎன்ஏவைக் கடத்தி), கனமைசின், ஆம்பிசிலின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் கலந்த எல்பி தட்டில் பரப்பினேன். என் சூடோமோனாஸ் ஆம்பிசிலினுக்கு அசையாது, இ. கோலை செத்துவிடும் என்ற கணக்கு. தட்டு நிறையக் காலனி. பிக்கோவ்ஸ்காயாவுக்கு மாற்றினால் பாதிக்கு மேல் வளையமே இல்லை. பிகியூகியூ (அமிலம் சுரக்கும் என்சைமுக்குத் தேவையான துணைப்பொருள்) சேர்த்த தட்டில் அவற்றுக்கும் வளையம் வந்துவிட்டது. அப்படியானால் எல்லாமே பிகியூகியூ தயாரிக்கும் ஜீன்களில் டிஎன்5 விழுந்து அவை கெட்டுப்போன மியூட்டன்ட்டுகளா? சீக்வென்ஸிங்குக்கு அனுப்பலாமா?

தேவகோட்டை அண்ணன்:
அனுப்பாதீங்க தங்கச்சி, காசு வீண். டிஎன்5 ஓரளவு கண்ட இடத்தில் விழும் சாமான். 60 லட்சம் இணை கொண்ட ஜீனோமில், பிகியூகியூ ஜீன்கள் எல்லாம் சேர்ந்தே சில ஆயிரம் இணைதான். ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு கிடைத்தால் சரி. பாதி என்றால் அது மியூட்டன்ட் இல்லை.

சந்தேகம் ஆம்பிசிலின் மேல்தான். பியூடி பிளாஸ்மிட்டின் முதுகெலும்பிலேயே ஆம்பிசிலின் எதிர்ப்பு ஜீன் இருக்கிறது. கனமைசின் எதிர்ப்பு மினி-டிஎன்5-க்குள் இருக்கிறது. ஆக உங்கள் கொடையாளி இரண்டையும் தாங்கும். தட்டில் வளர்ந்ததில் பாதி இ. கோலையாகத்தான் இருக்கும்.

கடலைக்கொல்லை:
அண்ணே, அப்படியானால் பிகியூகியூ சேர்த்ததும் வளையம் வந்ததே?

தேவகோட்டை அண்ணன்:
அங்கேதான் இந்த விஷயம் ஆளை ஏமாற்றும். இ. கோலை கே-12 வகையில் குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்சைம் இருக்கும், ஆனால் அதற்கு வேண்டிய பிகியூகியூவை அது தானாகச் செய்யாது. வெளியிலிருந்து கொடுத்தால் என்சைம் வேலை செய்து குளுக்கோனிக் அமிலம் வரும், பாஸ்பேட் கரையும். பிகியூகியூ மியூட்டன்ட்டும் கொடையாளியும் இந்தச் சோதனையில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

பிசிஆர் எல்லாம் அப்புறம். முதலில் ஆக்சிடேஸ் என்ற நிறமாற்றச் சோதனை போடுங்க. ஒளிரும் சூடோமோனாஸ் சில நொடிகளில் கருநீலமாகும், இ. கோலை ஆகாது. ஒளிரும் நிறமியைக் காட்டும் கிங்ஸ் பி தட்டில் வைத்து புற ஊதா விளக்கில் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

பள்ளத்தூர் அக்கா:
அண்ணன் சொன்னது சரி. அடுத்த மேட்டிங்கில் கொடையாளியை எப்படி ஒழிப்பது என்று நான் சொல்கிறேன். சிட்ரேட்டை மட்டுமே கார்பனாகக் கொண்ட மினிமல் மீடியத்தில் கனமைசின் போட்டுப் பரப்பும்மா. காற்றுள்ள சூழலில் இ. கோலை சிட்ரேட்டைத் தின்னாது; எஸ்17-1-க்குப் புரோலினும் வெளியிலிருந்து வேண்டும். உன் சூடோமோனாஸ் சிட்ரேட்டில் வளர்கிறதா என்று முன்பே பார்த்துவிடு. இதில் ஒரு நஷ்டம் உண்டு: அமினோ அமிலம் தயாரிக்க முடியாத மியூட்டன்ட்டுகளும் இங்கே வளராது. உன் தேடலுக்கு அது பொருட்டல்ல. பொருட்டு என்றால் சூடோமோனாஸில் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதைப் பெறுநராக வை.

மேட்டிங்கை ஓரிரவு விடாதே, சில மணி நேரம் போதும். நீண்டால் ஒரே மியூட்டன்ட்டின் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எடுப்பாய். கொடையாளி தனியாக, பெறுநர் தனியாக, அதே தட்டில் ஒவ்வொரு முறையும் பரப்பு. அந்த இரண்டும் காலியாக இல்லாவிட்டால் மற்றதை எண்ணவே வேண்டாம். பிளாஸ்மிட் தன்னைப் பிரதியெடுக்க ‘பை’ என்ற புரதம் வேண்டும், அது உன் சூடோமோனாஸில் இல்லை. அதனால் மினி-டிஎன்5 குரோமோசோமுக்குத் தாவியிருந்தால்தான் கனமைசினில் பிழைக்கும். எங்கேயாவது பிளாஸ்மிட் முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று ஆம்பிசிலின் ஜீனுக்குப் பிசிஆர் செய்து பார். டிரான்ஸ்போசேஸ் (தாவ வைக்கும் என்சைம்) ஜீன் தாவும் துண்டுக்கு வெளியே இருப்பதால் ஒருமுறை உட்கார்ந்தது அப்படியே இருக்கும். டி லொரென்சோ குழு 1990-இல் இதை இப்படி வடிவமைத்ததன் அழகே அதுதான்.

இன்னொன்று. பிக்கோவ்ஸ்காயாவில் இருப்பது கால்சியம் பாஸ்பேட். நம் செம்மண்ணில் பாஸ்பேட்டைப் பிடித்து வைப்பது இரும்பும் அலுமினியமும். தட்டில் வளையம் வந்ததாலேயே கொல்லையில் பலன் வரும் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதே.

கடலைக்கொல்லை:
ஆக்சிடேஸ் போட்டாச்சு. வளையமில்லாத காலனி ஒன்றுகூட நிறம் மாறவில்லை, வளையம் உள்ளவை மாறின. எல்லாம் கொடையாளிதான். சிட்ரேட்டில் என் சூடோமோனாஸ் நன்றாக வளர்கிறது, புது மேட்டிங் போடுகிறேன். உண்மையான மியூட்டன்ட் கிடைத்தால் எது முதலில்?

பள்ளத்தூர் அக்கா:
ஆக்சிடேஸ், பிறகு பிகியூகியூ சோதனை. அதற்குப் பிறகு டிஎன்5-இன் ஓரத்திலிருந்து வெளிநோக்கி ஆர்பிட்ரரி பிசிஆர் (பக்கத்து டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) செய்து சீக்வென்ஸிங்குக்கு அனுப்பு. விழுந்த இடம் ஓப்பரானின் (சேர்ந்தே இயங்கும் ஜீன் வரிசையின்) முன்பகுதி என்றால் பின்னாலுள்ள ஜீன்களும் வாயடைத்துப்போகும். அதனால் அந்த ஜீனை மட்டும் பிளாஸ்மிட்டில் திருப்பிக் கொடுத்து வளையம் மீள்கிறதா என்று பார்த்த பிறகே பெயர் சொல்.