ரூசோ சொன்ன ‘மனிதன்’ யார்?

மேகலை: ‘ரூசோ எல்லோருடைய விடுதலைக்காகவும் எழுதியவர்’ என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. ‘மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான், எங்கும் சங்கிலிகளால் பிணைக்கப்பட்டிருக்கிறான்’ என்று அந்த 18ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி எழுதிய ‘சமூக ஒப்பந்தம்’ நூலின் முதல் அத்தியாயம் தொடங்குகிறது. ஆண்டு 1762. எமில் என்ற சிறுவனின் கல்வியைப் பற்றி அதே ஆண்டில் அவர் வெளியிட்ட ‘எமில்’ நூலின் ஐந்தாம் பகுதியையும் படித்துப் பாருங்கள். எமிலுக்கு மனைவியாகப் போகிற சோஃபி எதற்காகக் கல்வி கற்க வேண்டுமாம்? ஆண்களை மகிழ்விக்க, சிறுவர்களாக இருக்கையில் வளர்க்க, பெரியவர்களானால் பேண. அவளுக்கென்று ஒன்றுமே இல்லை.

பொன்னிக்கரை: இன்றைய தராசில் அவரை நிறுத்தாதீர்கள். அதிகாரம் மன்னனுக்குக் கடவுள் கொடுத்தது என்று நம்பிய நாட்டில், அது மக்களுடையது என்று எழுதினார். அவருடைய ‘எமில்’ நூலைப் பாரிஸில் எரித்தார்கள், கைதுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினார். பிரெஞ்சுப் புரட்சியின் 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் ஆறாவது பிரிவு, சட்டம் பொது விருப்பத்தின் வெளிப்பாடு என்கிறது. ‘பொது விருப்பம்’ யாருடைய சொல்? ரூசோவுடையது. அந்தக் காலத்தில் பெண்களைப் பற்றி எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மேகலை: எல்லோரும் நினைக்கவில்லை ஐயா. 1790இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொண்டோர்செ பெண்களுக்குக் குடியுரிமை கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். கர்ப்பமும் தற்காலிக உடல்நலக் குறைவும் பெண்ணின் உரிமையைத் தடுக்குமென்றால், ஒவ்வொரு குளிர்காலமும் மூட்டுவலியில் கிடப்பவர்களுக்கும் எளிதில் சளி பிடிப்பவர்களுக்கும் அந்த உரிமையை ஏன் மறுக்கவில்லை என்று கேட்டார். ஒரு ஆண், அதே நாட்டில்! அடுத்த ஆண்டே ஒலிம்ப் தெ கூஜ் என்ற பெண் எழுத்தாளர், 1789 பிரகடனத்தின் 17 பிரிவுகளையும் பெண்ணுக்காகத் திருப்பி எழுதினார். பெண்ணுக்குக் கொலைமேடை ஏறும் உரிமை உண்டென்றால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் வேண்டும் என்றார். 1793 நவம்பர் 3 அன்று கில்லட்டினில் அவர் தலையை வெட்டினார்கள்.

பொன்னிக்கரை: ஒரு திருத்தம். அவரைக் கைது செய்தது அந்தப் பிரகடனத்துக்காக அல்ல. குடியரசா, கூட்டாட்சியா, முடியாட்சியா என்று மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று சுவரொட்டி அச்சிட்டதற்காக.

மேகலை: சரி, ஏற்கிறேன். வழக்கு அதுதான். ஆனால் அவர் தலையை வெட்டுவதற்கு நான்கு நாள் முன்பு, அக்டோபர் 30 அன்று, அன்றைய பிரெஞ்சு நாடாளுமன்றமான தேசிய மாநாடு பெண்களின் சங்கங்கள் அனைத்தையும் தடை செய்தது. அங்கே பேசிய உறுப்பினர் அமார், பெண்களுக்கு அரசியல் ஆகாது என்று வாதிட்டார். சோஃபியின் பாடத்தை அவர்கள் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

கரும்பலகை: நான் வரலாற்று ஆசிரியர். சமூக ஒப்பந்தத்தை நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, “இதில் கையெழுத்துப் போட்டது யார் சார்?” என்று கேட்டாள். அன்றைக்குப் பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பொன்னிக்கரை: காலத்தைக் காட்டி ரூசோவுக்கு வக்காலத்து வாங்கியது தவறுதான், கொண்டோர்செயை மறந்துவிட்டேன். ஆனால் கூஜ் எழுதியதன் முதல் பிரிவைப் பாருங்கள்: ‘பெண் சுதந்திரமாகப் பிறக்கிறாள்.’ ரூசோ எழுதிய அந்த முதல் வரி இல்லாமல் இது பிறந்திருக்குமா? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மேகலை: அந்த வரி பிரான்சின் வாக்குச்சாவடியில் ஒரு பெண்ணுக்குச் செல்லுபடியாக 1945 ஏப்ரல் வரை ஆயிற்று. அதையும் சேர்த்தே ரூசோவைப் படிக்கச் சொல்கிறேன்.