முதிய எலியின் தூக்கமும் ஹார்மோனும்: மருந்து எதை மாற்றுகிறது?

இரவுவிழி:
முதுமையில் மூளையிலுள்ள பினியல் சுரப்பி இரவில் சுரக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோன் குறைவது எலியிலும் வெள்ளெலியிலும் காட்டப்பட்டுவிட்டது. ஆகவே முதிய விலங்குக்குக் குடிநீரில் மெலடோனின் கலந்து கொடுத்துத் தூக்கத்தைச் சீராக்க முயல்வதில் பிழை ஏதும் இல்லை. குறைந்ததை ஈடுசெய்வதுதானே மருத்துவம்?

உரைகல்:
எந்த விலங்கில் குறைந்ததை? ஆய்வகங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் சி57பிஎல்/6 இனச் சுண்டெலி பிறவியிலேயே மெலடோனினை ஏறக்குறையச் சுரப்பதில்லை. எனினும் அது தூங்குகிறது, முதுமையில் அதன் தூக்கமும் சிதறுகிறது. அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. எலியும் சுண்டெலியும் இரவில் நடமாடுபவை. எலியின் மெலடோனின் உச்சத்தில் இருக்கும் வேளையில்தான் அது விழித்துத் திரிகிறது. அதற்கு மெலடோனின் இருட்டிவிட்டது என்னும் செய்தியே அன்றித் தூக்க மருந்து அன்று.

இரவுவிழி:
சுண்டெலி பற்றிய கூற்றை ஏற்கிறேன் (சி3எச் இனச் சுண்டெலி மெலடோனினைச் சுரக்கிறது என்பதையும் நீங்கள் சொல்லியிருக்கலாம்). ஆனால் வழக்கு மெலடோனினோடு முடியவில்லை. முதிய எலியில், விட்டுவிட்டுச் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் துடிப்புகளின் உயரம் தாழ்கிறது, ஆழ்தூக்கமும் மெலிகிறது. அந்த ஹார்மோனை விடுவிக்கும் பெப்டைடை, அதாவது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சுரக்கும் சிறு புரதத்துண்டை, எலிக்குச் செலுத்தினாலோ சுரப்பும் தூக்கமும் சேர்ந்தே கூடுகின்றன. ஹார்மோனை உயர்த்தும் மருந்து தூக்கத்தையும் ஆழமாக்கும் என்று கொள்வதற்கு என்ன தடை?

உரைகல்:
தடை அந்தப் பெப்டைடிலேயே இருக்கிறது. பிட்யூட்டரி அகற்றப்பட்ட எலிகளில், அதாவது வளர்ச்சி ஹார்மோனைக் குருதியில் விடும் சுரப்பியே இல்லாதபோதும், அது கனவற்ற தூக்கத்தைக் கூட்டியது. கனவுத் தூக்கமோ கூடவில்லை. ஒரே கட்டளை மூளைக்கும் சுரப்பிக்கும் தனித்தனியே போகிறது என்றுதான் இதற்குப் பொருள். மறுபுறம், பென்சோடயசிபைன் வகைத் தூக்க மருந்துகள் மனிதரின் தூக்க நேரத்தை நீட்டிக்கொண்டே, ஆழ்தூக்கத்துக்கு அடையாளமான மூளையின் மெதுவலைகளைக் குறைக்கின்றன. நன்றாகத் தூங்கியது என்ற ஒரு சொல்லில் இவ்வளவும் மறைந்துவிடுகிறது.

இரவுவிழி:
அப்படியானால் எதை அளந்தால் ஒப்புக்கொள்வீர்கள்?

உரைகல்:
ஒரே விலங்கில் மூளை மின்னலையையும் குருதி அளவையும் ஒருசேர அளக்க வேண்டும். ஆண் எலியில் வளர்ச்சி ஹார்மோன் ஏறத்தாழ 3.3 மணி நேரத்துக்கு ஒரு முறை துடிப்பாக வருகிறது. இடையில் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. ஒரே ஒரு முறை குருதி எடுத்து மருந்து ஹார்மோனைக் குறைத்தது என்று எழுதுபவர், இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தை அளந்திருக்கவும் கூடும்.

இரவுவிழி:
அடிக்கடி பிடித்துக் குருதி எடுத்தால் அந்தப் பதற்றமே எலியில் இந்த ஹார்மோனை அடக்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிரையில் குழாய் பொருத்தி, விலங்கு அதற்குப் பழகிய பின் எடுத்த அளவென்றால் எனக்கும் உடன்பாடே.