லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கேட்டால் எதைக் கொடுப்பது?

சேலத்தான்:
லாட்ஜ், வாடகை வீடு, எங்கே போனாலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். முழு எண்ணையும் கொடுக்காமல் சமாளிக்க வழி உண்டா? கைரேகையை லாக் செய்தால் ரேஷன் கடையில் சிக்கல் வருமா?

பூட்டுச்சாவி:
மாஸ்க்டு ஆதார் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய், டவுன்லோடு செய்யும் முன் மாஸ்க்டு கட்டத்தை டிக் செய்ய வேண்டும். மறந்தால் முழு எண்ணோடு வந்துவிடும். டிக் செய்தால் முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும்.

பிடிஎஃப் பாஸ்வேர்டு: பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்து (கேப்பிட்டலில்), அதோடு பிறந்த ஆண்டு. உங்கள் பெயரும் வயதும் தெரிந்த எவரும் திறந்துவிடலாம். இதுவும் ஒரு பூட்டா! ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்தால் டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிட்டு, மைஆதாரிலிருந்து லாக்அவுட் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரேகை:
ஜெராக்ஸைவிடப் பெரிய ஓட்டை விரல்தான். மைக்ரோ ஏடிஎம்மில் (வங்கி முகவர் வைத்திருக்கும் சின்ன மெஷின்) ஆதார் வழியாகப் பணம் எடுக்க ஆதார் எண், வங்கிப் பெயர், கைரேகை போதும். ஓடிபியும் கிடையாது, பின் நம்பரும் கிடையாது. பத்திரப் பதிவு நகலில் இருந்த ரேகையை அச்சு வார்த்துப் பணம் சுருட்டிய வழக்குகள் தெலங்கானா, ஹரியானா பக்கம் வந்திருக்கின்றன.

அதே மைஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கை (கைரேகை போன்ற உடல் அடையாளங்கள்) லாக் செய்யுங்கள். அதன்பின் யார் விரல் வைத்தாலும் 330 என்ற பிழை வரும். ஓடிபி வழக்கம்போல் வேலை செய்யும். ரேஷன் கடையில் கார்டில் பெயருள்ள வேறொருவர் விரல் வைத்தால் போதும். நீங்களேதான் போக வேண்டுமென்றால் தற்காலிகமாகத் திறக்கலாம், ஆனால் 10 நிமிடம்தான். வீட்டிலிருந்தே திறந்துவிட்டுப் போகாதீர்கள், வரிசையில் உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திறங்கள்.

சேலத்தான்:
அம்மாவுக்கும் இதையே செய்யலாமா? பென்ஷனுக்கு வருடா வருடம் உயிர்வாழ் சான்று கொடுக்கிறார்.

ரேகை:
செய்யலாம். அவர் ஆதாரில் இப்போது பயன்படுத்தும் மொபைல் எண்தானா என்று முதலில் பாருங்கள். பழைய எண் என்றால் ஓடிபி வராது, திறக்கவும் முடியாது. சான்று கொடுக்கும் அன்று மட்டும் திறந்தால் போதும்.

பூட்டுச்சாவி:
ஒன்று கவனம்: பக்கத்திலேயே இருக்கும் 'ஆதார் லாக்' வேறு. அது எண்ணையே முடக்கும், அந்த எண்ணுக்கு ஓடிபியும் வேலை செய்யாது. ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்க விஐடி எண்தான் செல்லும். விஐடியைக் குறித்து வைக்காமல் அதைத் தொடாதீர்கள்.