வாரம் ஒரு மாத்திரையை தினமும் போடச் சொல்லிவிட்டார்கள்: எங்கே வழக்குப் போடுவது?

ஈரோட்டு மகள்: அம்மாவுக்கு முடக்குவாதம். வாரம் ஒருநாள் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் 7.5 மி.கி. மாத்திரை. மருந்துக் கடையில் கவர்மேல் "தினமும் காலை 1" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எட்டே நாளில் வாயெல்லாம் புண், வெள்ளணு இறங்கி 11 நாள் ஆஸ்பத்திரி. முதலில் எதைச் செய்ய வேண்டும்?

மருந்தாளர்: மீதி மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை வாங்கினீர்கள் என்பது பில்லில் இருக்கும், எத்தனை குழி காலி என்பது அட்டையில் தெரியும். கவரையும் சேர்த்து, பேட்ச் எண் தெரிய படம் எடுங்கள். பில் தாள் நாளாக மங்கிவிடும், இன்றே ஜெராக்ஸ் போடுங்கள்.

டாக்டர் சீட்டில் "வாரம் ஒருமுறை" என்று இருந்தால் தவறு கடையுடையது. "1-0-0" (தினமும் காலை ஒன்று) என்று மட்டும் இருந்தால் எழுதியவர் பொறுப்பு. ஆனாலும் முடக்குவாதத்துக்கு இதைத் தினமும் கொடுப்பதில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்த கடையும் தப்ப முடியாது. அசல் சீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

வழக்கறிஞர்: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் உங்களுக்கு வழி. 2019 சட்டப்படி 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆணையக் கட்டணம் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, சிகிச்சைக்கும் மருந்துக்கும் கட்டிய தொகையை வைத்து. அது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. டாக்டர், ஆஸ்பத்திரி, கடை மூவரையும் எதிர்தரப்பில் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் பழியை அவர்மேல் போட்டுவிட்டுப் போவார்.

சிகிச்சைப் பதிவேட்டை எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி டாக்டர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் டிஸ்சார்ஜ் சம்மரி. "வாய்ப்புண், அணுக்குறைவு" என்று மட்டும் இருந்தால் போதாது, மெத்தோட்ரெக்சேட் நச்சுத்தன்மை என்று காரணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிந்திய சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் எழுதிக் கேளுங்கள்.

முழுக்க இலவச அரசு மருத்துவமனையில் நடந்தது என்றால் நுகர்வோர் ஆணையம் எடுக்காது (உச்ச நீதிமன்றத்தின் 1995 சாந்தா தீர்ப்பு). சிவில் கோர்ட் அல்லது உயர் நீதிமன்ற ரிட் மனுதான். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-ஐக் கூப்பிடுங்கள்.

ஈரோட்டு மகள்: தனியார் ஆஸ்பத்திரிதான். போலீசில் புகார் கொடுக்கலாமா? ஆஸ்பத்திரியில் பில்லைத் தள்ளுபடி செய்கிறோம், ஒரு கையெழுத்து போடுங்கள் என்கிறார்கள்.

வழக்கறிஞர்: டாக்டர்மேல் குற்ற வழக்கு நிற்க மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும், உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு அப்படி. புகார் கொடுக்கலாம், அதை நம்பி 2 ஆண்டைக் கடத்திவிடாதீர்கள். அந்தத் தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கையெழுத்து வேண்டாம், நகல் மட்டும் கேட்டு வாங்குங்கள்.